எதிரே இருந்த ஆள்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் ஆர்டர் போடுவது என் வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், மனுஷ முகத்தைப் பார்க்கக்கூட அலுப்பாக இருக்கும்.

போன கோடையில் செய்யூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் கணவர் தான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியின் பங்குகளை, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்திருந்தார். அவர் இறந்தபின் அவை இந்த அம்மாவின் பெயருக்கு மாறியிருந்தன. எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்றார்.

அந்தப் பங்கை வாங்க ஆளே குறைவு. மொத்தத்தையும் திரையில் காட்டினால், யாரோ அவசரத்தில் தள்ளுகிறார்கள் என்று இருக்கிற நாலு பேரும் விலையைக் குறைத்துவிடுவார்கள். அதனால் கொஞ்சம் மட்டும் வெளியே தெரியும்படி ஆர்டர் போட்டேன். அது விற்றதும் அடுத்த கொஞ்சம் தானாக வெளியே வரும். மீதி யார் கண்ணிலும் படாது.

அம்மா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"போச்சா தம்பி?"

"கொஞ்சம் போச்சும்மா. பொறுங்க."

மதியம் தாண்டியும் இதே பேச்சுதான். எனக்குக் கழுத்து விண்ணென்று வலித்தது. திடீரென்று அவர், "மொத்தமா வித்துடு" என்றார்.

"விலை எறங்கிடும்மா."

"எறங்கட்டும். அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் இப்பிடிதான், பொறுங்க பொறுங்கன்னு சொல்லிகினே இருந்தாங்க. இன்னொரு தபா என்னால ஆவாது."

மறுபேச்சு பேசாமல், கிடைக்கிற விலைக்கு மீதி அத்தனையையும் விட்டேன். நான் பயந்த சரிவு வரவேயில்லை. நாங்கள் கேட்டதற்குச் சில பைசா கீழே, எல்லாம் ஒரே விலையில் போய்விட்டது. எதிரே, வாங்கும் பக்கத்தில் யாரோ ஒருவர், என்னைப் போலவே கொஞ்சத்தை மட்டும் காட்டிக்கொண்டு, பெரிய தேவையை மறைத்து வைத்திருந்திருக்கிறார். எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ.

"யாரு வாங்குனது?" என்றார் அம்மா.

"தெரியாதும்மா. பேரெல்லாம் எங்களுக்குக் காட்டாது."

"அவரு மாதிரி பத்திரமா வெச்சிப்பாங்களா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

அவர் படியிறங்கும்போதே போன் அடித்தது. மாமல்லபுரத்தில் விடுதி நடத்தும் ஒருவர். "அண்ணாத்த, ஒரு கம்பெனி பங்கு நெறைய வாங்கணும், வெளிய தெரியக்கூடாது" என்றார். எவ்வளவு என்று கேட்டேன்.