வெள்ளிக்கிழமைச் சிப்ஸ்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மனைவி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள். பிசைந்த சோறு என் கையிலேயே நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ... இந்த ஒண்டரை வருஷமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள்? அதுவும் வெள்ளிக்கிழமையிலை?"

அவளும் ஐந்து வயது மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்து வந்து இறங்கி அன்றைக்குப் பதினொரு நாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ரசம். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மனைவி கையால் சாப்பிடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"ரசம் இன்னும் கொஞ்சம் விடுமன்" என்று கதையை மாற்றினேன்.

இந்த வாரப் பத்தியை வாசிக்கிறவர்களிலும் நாலைந்து பேர் இதையே எழுதிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரர் ஊரில் மத்தியானம் வயிறாறச் சாப்பிட நல்ல கடை உண்டா, நம்மவர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று. அப்போதெல்லாம் வானிலையைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொண்டேன். இந்த வாரம் தப்ப முடியாது.

முதலில் ஒரு விஷயம். ஊரை விட்டு வெளிக்கிடுமுன் நானும் மனைவியும் நல்லூர்க் கந்தன் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்தோம். மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் சேரும்வரை, வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடுவதில்லை. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. அவள் அங்கே, நான் இங்கே. மாட்டிறைச்சி எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் எந்தக் கிழமையிலும் இல்லாத ஒன்று.

ஊரில் இது பெரிய காரியமா? வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் தானாகவே மரக்கறிச் சமையல். இங்கே?

எனக்கு வேலை பென்ரோஸில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைவது. இருப்பது ரானுயியில். விடியற்காலையில் ரயில் ஏறி, நியூமார்க்கெட்டில் மாறிப் போய்ச் சேரவேண்டும். 'சாப்பாடு கட்டிக்கொண்டு போகக்கூடாதா?' என்று கேட்பீர்கள். போகலாம்தான். சமைக்கத் தெரிந்தால்! நான் வைத்த சோற்றைப் பார்த்துவிட்டு, கூட இருந்த அந்தோனி அண்ணை இதைப் பசையாக்கிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம் என்றார். அவர் மன்னார்க்காரர், கிறிஸ்தவர், வெல்டிங் வேலை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆகவே கடை தேடினேன்.

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு லஞ்ச் பார். கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக 'பை' அடுக்கியிருக்கும். மாவுக்கூட்டுக்குள் இறைச்சி வைத்த சாமான். எதைக் காட்டிக் கேட்டாலும் உள்ளே மாடு. "எனக்கு இறைச்சி வேண்டாம்" என்றதற்கு, அங்கே நின்ற பெண்பிள்ளை நல்ல மனதோடு ஒரு பணிஸ் ரொட்டியைப் பிளந்து, உள்ளே இருந்த பன்றி இறைச்சித் துண்டை விரலால் தூக்கிவிட்டு, மிச்சத்தை நீட்டினாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? இறைச்சி வேண்டாம் என்றேன், எடுத்துவிட்டாள்.

மூலையில் ஒரு டெய்ரி. அதாவது பால், பேப்பர், பாண் ரொட்டி, ஐஸ்கிரீம் எல்லாம் விற்கிற சின்னக் கடை. அங்கே சீஸும் பாணும் வாங்கி, ஒரு சுவரோரம் நின்று சாப்பிட்டேன். ஜூலை மாதக் குளிரில் குளிர்ந்த பாணும் குளிர்ந்த சீஸும்... வாயில் போட்டால் மெழுகுதிரி மாதிரி இருக்கும். மூன்று வெள்ளிக்கிழமை தாக்குப் பிடித்தேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை, இரண்டு தெரு தள்ளி, அந்த மீன்–சிப்ஸ் கடையைக் கண்டுபிடித்தேன்.

கடைக்காரி பெயர் மரியா. யூகோஸ்லாவியாவிலிருந்து சின்ன வயதில் கப்பலில் வந்தவள். அறுபதை நெருங்கும் பெரிய உடம்பு, சிவந்த கைகள், ஊருக்கே கேட்கிற குரல். ஒரு டாலருக்குள் வயிறு நிறையச் சிப்ஸ். உப்புத் தூவி, வினிகர் தெளித்து, வெள்ளைத்தாளில் சுற்றி, மேலே பழைய பத்திரிகைத்தாள். அந்தப் பொட்டலத்தைக் கம்பளி ஜம்பருக்குள் வைத்துக்கொண்டு நடந்தால் நெஞ்சு வரைக்கும் சூடு ஏறும்.

உருளைக்கிழங்கு. உப்பு. எண்ணெய். இதைவிடச் சைவம் உண்டா?

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடவில்லை. மீன் பொரிக்கிற தாச்சியில் சிப்ஸையும் போடுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை, மீனுக்கு ஒன்று, சிப்ஸுக்கு வேறொன்று. அப்பாடா!

இன்னொன்றும் பார்த்தேன். ஒருநாள் மரியா ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு கட்டியை எடுத்துத் தாச்சிக்குள் இறக்கினாள். அது மெல்ல உருகியது. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஏன் தெரியுமா? தலைக்கு வைக்க நான் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெய் குளிருக்கு இப்படித்தான் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. கம்பி விட்டுத்தான் தோண்டி எடுப்பேன். அட, இந்த மனிசியும் நம்மைப்போலத் தேங்காயெண்ணெயிலா பொரிக்கிறாள்!

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, வேண்டாத பதில் வந்துவிட்டால், திரும்பவும் அந்தச் சுவரோரம், அந்தச் சீஸ். புது ஊரில் நாங்கள் நிறையக் கேள்விகளை இப்படித்தான் விழுங்கிக்கொள்கிறோம்.

ஒன்பது மாதம். வெள்ளிக்கு வெள்ளி.

ஊரிலிருந்து நீல நிற ஏரோகிராம் வரும். முடிவில் எப்போதும் அதே கேள்வி: 'விரதம் தவறாமல் இருக்கிறீர்கள்தானே?' நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுவேன்: 'ஒரு வெள்ளியும் தவறவில்லை.'

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. கடை நிறையச் சனம். இங்கே மரியாவைப்போலக் கத்தோலிக்கர்கள் பலருக்கு வெள்ளிக்கிழமைதான் இறைச்சியை விட்டு மீன் சாப்பிடும் நாள். என் முறை வந்தது. மரியா அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டாள்:

"உன்னை எனக்கு விளங்கவில்லை. ஊரே மீன் கேட்கிற நாளில் நீ வெறும் சிப்ஸ் கேட்கிறாய். மற்ற நாளில் மீனும் வாங்குகிறாய். ஏன்?"

சொன்னேன். மனைவி, மகள், நேர்த்தி, வெள்ளிக்கிழமை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, மாடு எந்த நாளும் இல்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மரியாவின் முகம் மாறிவிட்டது. அகப்பையைக் கீழே வைத்தாள். என் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவளுடைய குரலுக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"மகனே, நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பொரிப்பது மாட்டுக்கொழுப்பில். இங்கே எல்லாக் கடையிலும் அப்படித்தான். எப்போதும் அப்படித்தான்."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வெறுங்கையோடு வெளியே வந்தேன். அன்றைக்குப் பின்னேரம் நான் வரைந்த கோடு ஒன்றும் நேராக இல்லை.

அருவருப்பு ஒரு பக்கம். பயம் அதைவிடப் பெரிது. அந்த மாதம்தான் மனைவியின் விசாவுக்கு இன்னொரு பத்திரம் வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. நான் படித்தவன், படம் வரைகிறவன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் மனம் கேட்குமா? நேர்த்தியை முறித்தவன் நான், தண்டனை அவளுக்கும் பிள்ளைக்கும் என்று அடித்துக்கொண்டது. அங்கே ஊரடங்கு, இருட்டினால் ஹெலிகொப்டர் சத்தம். இங்கே நான் சூடாகச் சிப்ஸ் தின்றுகொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்தோனி அண்ணையிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "ஒன்பது மாசமோ! தம்பி, வேதக்காரன் நானே பெரிய வெள்ளிக்கு இறைச்சி தொடமாட்டன். நீர் வெள்ளிக்கு வெள்ளி விருந்தெல்லோ கொண்டாடியிருக்கிறீர்!"

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எழுதிப் போடட்டோ அண்ணை, அவவுக்கு?"

"விசரே உமக்கு? அவ அங்கை தனியப் பிள்ளையோடை. அந்த விரதம்தான் அவவுக்கு இப்ப ஒரு பிடி. அதையும் முறிக்கப் போறீரோ? வந்து சேரட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லும்."

நல்ல புத்தியாகத்தான் பட்டது. எனக்கு வசதியான புத்தியாகவும் இருந்தது. அந்தக் கிழமைக் கடிதத்திலும், அதற்குப் பிந்திய ஒவ்வொன்றிலும் எழுதினேன்: 'ஒரு வெள்ளியும் தவறவில்லை.'

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அதற்கடுத்த வெள்ளி, எதிர்ப்பக்க நடைபாதையால் நழுவப் பார்த்தேன். மரியா வாசலில் நின்றிருந்தாள். ஏப்ரனோடு றோட்டுக்கு நடுவே வந்து என் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துப் போனாள். பின்னால் ஒரு சின்ன அடுப்பு, அதன்மேல் புத்தம் புதிய சட்டி. பக்கத்தில் ஒரு போத்தல் சோள எண்ணெய்.

"மூடியைப் பார். இன்னும் உடைக்கவில்லை. உன் கண்ணுக்கு முன்னால் உடைக்கிறேன்" என்றாள். உடைத்தாள். ஊற்றினாள். "இந்தச் சட்டி உனக்கு மட்டும். வெள்ளிக்கிழமைக்கு மட்டும். எனக்கும் வெள்ளிக்கிழமை உண்டு, தெரியுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வினிகர் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

பாருங்கள், அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? நான் இன்றைக்கும் பொட்டலத்தை ஜம்பருக்குள் வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெயை நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். கடை தேடி அலைகிற நாங்கள் ருசி பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், கண்ணாடி துடைத்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், தாச்சிக்குள் இருப்பதை உள்ளபடி சொல்கிறவள் நிற்கிற கடைதான் நல்ல கடை. அதற்குப் பிறகு ஏழு மாதம், ஒரு வெள்ளிக்கிழமையும் விடாமல் அங்கேதான் சாப்பிட்டேன்.

விசா வந்தது. அவர்களும் வந்தார்கள். வந்து பதினோராம் நாள், அந்தக் கேள்வியும் வந்தது.

ரசம் முடிந்ததும் அவள் திரும்பவும் கேட்டாள். இனி ஒளிக்க இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். லஞ்ச் பார், சீஸ், வெள்ளைக் கட்டி, மாட்டுக்கொழுப்பு, சின்னச் சட்டி. மகள் முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அது தெரியாமல் நடந்தது" என்றாள் கடைசியில். "கந்தனுக்குத் தெரியாதே?"

அப்பாடா! ஏழு மாதத்துப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. சோற்றில் கை வைத்தேன்.

"அந்த மனிசி எப்ப உங்களுக்குச் சொன்னவ?"

"நான் விரதம் எண்டு சொன்ன உடனை."

"கடையிலை சனம் நிக்கேக்கையோ?"

"ஓம். பத்துப் பேர் நிண்டவை."

"நீங்கள் பிறகு வராமல் விடுவீங்கள் எண்டு தெரிஞ்சும்?"

"ஓம்."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். சூட்கேஸைத் திறக்கிற சத்தம். ஒரு கட்டு நீலக் கடிதங்களோடு வந்தாள். ரிப்பன் கட்டி, தேதி வாரியாக அடுக்கியிருந்தது. என் கடிதங்கள். மரியா சொன்னதற்குப் பிறகு வந்த ஏழு மாதத்துக் கடிதங்களைத் தனியாகப் பிரித்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கொழுப்பைக் கந்தன் மன்னிப்பார்" என்றாள். "இது தெரிஞ்சுகொண்டு எனக்கெல்லோ எழுதினது."

அந்தோனி அண்ணை அப்படிச் சொன்னார் என்று வாய்வரை வந்தது, நல்ல வேளையாக விழுங்கிக்கொண்டேன்.

இந்த வாரம் எழுதியதை முதலில் அவளிடம்தான் கொடுத்தேன்... ஒரு வரி விடாமல் வாசித்தாள், பத்திரிகைக்கு அனுப்புகிற உறையில் முத்திரையைத் தானே ஒட்டினாள்.