இலையின் இடப்பக்கம்

பந்தியில் இலை விரித்தால் இன்றும் என் கண் முதலில் போவது அதன் இடப்பக்கத்துக்குத்தான். உப்பு, ஊறுகாய், பொரியல், அப்பளம் எல்லாம் வைக்கிற அந்தப் பக்கத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ரயில் பட்டறையில் மேஸ்திரியாக இருந்த என் மாமனாரின் தலையில், பளு தூக்கும் கொக்கி வலப்பக்கமாக வந்து மோதிவிட்டது. பிழைத்து வீட்டுக்கு வந்தார். கைகால் நன்றாக ஆடியது, பேச்சும் கணீரென்று இருந்தது. ஞாபகசக்தியில் கொஞ்சம் குறைந்திருந்தால்கூட நான் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பேன். பெண் பார்க்கக் கிள்ளானுக்கு வந்த அன்று எங்கள் வீட்டுக் காப்பி ஆறிப்போயிருந்தது வரை சொல்லிக் காட்டுவார். பின் என்னதான் போயிற்று என்று யாருக்கும் பிடிபடவில்லை. மீசையில் வலது பாதியை மட்டும் ஒதுக்கிவிட்டு, மறுபாதி புதராகக் கிடக்க, ஒற்றைக் காலில் செருப்போடு கம்பீரமாக வெளியே கிளம்புவார். சொன்னால் என்னைத்தான் முறைப்பார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டில்தான் என் தலை உருண்டது. கொல்லையில் வாழை நின்றதால் அவருக்கு வேளாவேளைக்கு இலை போட வேண்டும். முறைப்படி நுனி இடப்பக்கம் இருக்க விரித்துப் பரிமாறுவேன். இலையின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, "பொரியல் எங்கம்மா? உப்புகூட வைக்கலியே" என்பார். கண்ணெதிரே இருக்கிறது! கையை நீட்டிக் காட்டினாலும் வலப்பக்கமே துழாவுவார். பிறகு எழுந்து போய், மருமகள் அரைவயிற்றுக்குத்தான் சோறு போடுகிறாள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டு வருவார். ஆளும் மெலிந்துகொண்டே வந்தார். இலையில் மிச்சம் கிடந்ததை மாமியாரிடம் காட்டினேன். மாமனார் கைகழுவப் போன பிறகு நானே வைத்ததாம் அது. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். என்னைக் கிள்ளானில் என் அப்பா வீட்டுக்கே அனுப்பிவிடுவது, திரும்ப அழைப்பதில்லை என்று பேச்சு முற்றிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். ஒருநாள் மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் சோதித்துப் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. மூளையில வலது பக்கம் அடி. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியல" என்றார். அதே பட்டறையில் தலையின் இடப்பக்கம் அடிபட்ட ஒருவருக்கு, ஆள் அடையாளமெல்லாம் தெரிந்தும் பேச்சு மட்டும் போய்விட்டதாம். அந்த வீட்டு மருமகள் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன். கண் தெரிகிறவருக்குப் பொரியல் மட்டும் தெரியாதா என்று கேட்டு, மாமியார் அந்த அண்ணனையும் எழுப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானமும் அதே பொரியல் பாட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையைப் பிடித்து, நுனி வலப்பக்கம் வரும்படி அப்படியே திருப்பிவிட்டேன். செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் எங்களில் இலையை அப்படிப் போடுவார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"உசுரோட இருக்கிற மனுஷனுக்கு இலையத் திருப்புறியேடி, பாவி!"

மாமனார் அதைக் காதில் வாங்கவேயில்லை. பொரியலை அள்ளினார், ஊறுகாயை நக்கினார், அப்பளத்தை நொறுக்கினார். இலை காலியானதும் என்னைப் பார்த்து, "இதை முதல்லயே வச்சா என்னவாம்?" என்றார். அன்று மாலை வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, பாதிச் சாப்பாட்டில் மாமியாரே இலையைத் திருப்பினார். கிள்ளான் பேச்சு அதோடு நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார்களா என்று மட்டும் கேட்காதீர்கள், எரிச்சல் வரும்.

மாமனார், மாமியார் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமனாரின் திதிக்கு இந்த முறை என் மருமகள் இலையை நுனி இடப்பக்கமாக விரித்துப் படைத்துவிட்டாள். நான் எழுந்து போய்த் திருப்பி வைத்தேன். செத்தவருக்கு அதுதான் முறை என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். முறையாவது ஒன்றாவது! திருப்பாவிட்டால் மனுஷன் அங்கேயும் வீடுவீடாகப் போய், மருமகள் பொரியல் வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.