இரைச்சலில் போன வார்த்தைகள்

ஒரு ராணுவ வீரனின் கடைசிச் சொற்களை நான் இட்டுக்கட்டினேன். அவனைப் பெற்றவளிடம் அவற்றைக் கூசாமல் சொன்னேன். என் மனைவிகூட இதை அறியமாட்டாள்... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நான் சமவெளியிலிருந்து மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியன். ஹாம் ரேடியோப் பைத்தியம். குடியிருப்பின் பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கம்பி கட்டி, சொந்த வானொலிப் பெட்டியில் எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசுவேன். பழைய போர்க்காலங்களில் எங்களைப் போன்றவர்கள் ராணுவத்துக்குக் காதாக இருந்தார்கள் என்று படித்துவிட்டு, நானும் அந்தப் பரம்பரை என்று மார்தட்டித் திரிந்தேன்.

வடகிழக்கில் வெள்ளம் வந்து தொலைபேசிகள் செத்துக்கிடந்த சமயம். மீட்புப் பணிக்குப் போன வீரர்களை, முகாமிலிருந்த ஹாம் நண்பர் ஒருவர், வீட்டாருக்குச் செய்தி சொல்லத் தம் பெட்டியில் பேசவைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அழைப்பு வந்தது. செம்மேட்டுக்குப் பக்கத்துக் குண்டூர் நாட்டுச் செல்வராசு! நம் மலைப் பையன்! அலுவலகமே என் அறையில் கூடிவிட்டது.

"சார், எங்கம்மாகிட்டச் சொல்லீருங்க..." என்றான். அப்புறம் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் ஒரே இரைச்சல். கடைசியில் "வேண்டாம்" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது.

காதில் விழாததைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாலபாடமே அதுதான். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே... என் பெட்டி உதவாது என்று நினைத்துவிட்டால்?

"முழுவதும் கிடைத்தது" என்றேன்!

"சரிங்க சார்" என்று நிம்மதியாக விலகிக்கொண்டான்.

மறுநாள் அவன் தாய் நல்லம்மாவைத் தேடிப் போனேன். "கவலைப்பட வேண்டாம்னு சொன்னாம்மா" என்றேன். அவன் என்ன வேண்டாம் என்றானோ! நிலத்தை விற்க வேண்டாம் என்றா? பார்த்துவைத்த பெண் வேண்டாம் என்றா?

சில நாட்களில் அவன் போன படகு கவிழ்ந்தது. உடல்தான் ஊர் வந்து சேர்ந்தது.

ஊரே அழுதது. நல்லம்மா மட்டும் அழவில்லை. "கவலப்பட வேண்டாம்னு எம்பையன் சொல்லியுட்டிருக்கானுங்க. நா அழுதா அவம்பேச்ச மீறுன மாதிரி ஆயிருமுங்க" என்றாள்.

அந்தக் கட்டளை என்னுடையது! என் வறட்டுக் கௌரவம் ஒரு தாயின் கண்ணீரை அடைத்துவைத்திருக்கிறது. மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஏன் போகவில்லை? தெரியவில்லை... வானொலிப் பெட்டியை மூட்டைகட்டி வைத்துவிட்டேன். ஆனாலும் தகரத்தில் மழை விழும்போதெல்லாம், அந்த "வேண்டாம்" என்ற சொல்லுக்கு முன்னால் இருந்தது என்ன என்று உற்றுக் கேட்கிறேன்.

இன்றும் சந்தையில் நல்லம்மா என்னை நிறுத்தினாள். வற்றிய முகம். உலர்ந்த கண்கள். அழுதுவிடுங்கள் தாயே என்று கத்த நினைத்தேன்.

"ஏனுஞ்சாமி, அவங்கொரலு தெளிவாக் கேட்டுச்சுங்களா?"

"தெளிவா... முழுசாக் கேட்டுச்சும்மா" என்றேன்.