செக்கிங் அக்காவும் நான்காவது மாடி அறையும்

ஆலையில் அவளை எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் பார்த்து, பிசிறு தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது பதினெட்டு வருடமாக அவள் வேலை. வீட்டிலும் அதே கண்தான். தம்பி கட்டிக்கொண்டு வந்த பெண்ணும் அதே ஆலையில் தையல்காரி. அவள் செய்த எதுவும் நாத்தனாரிடம் தேறியதில்லை. இரண்டு முறை கரு தங்காமல் போனபோது, நேராக ஒரு தையல் போடத் தெரியாதவள் வயிற்றில் எது நிற்கும் என்று அவள் காதுபடவே சொன்னவள் செக்கிங் அக்கா.

மூன்றாம் முறை ஏழாவது மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பக்கத்து மருத்துவமனை கைவிரிக்க, ஆம்புலன்சில் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்து எடுத்த ஆண் குழந்தை ஒரு கிலோவும் கொசுறும்தான் இருந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் போட்டார்கள். ஆறாம் நாள் தாயை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, மூன்று மணிக்கு ஒரு முறை பால் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.

தம்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். முதலாளி அதற்குமேல் பொறுக்கவில்லை. எதிர்ச்சந்தில் இருப்பதிலேயே மலிவான லாட்ஜில், காலியாக இருந்த ஒரே அறையைப் பிடித்து, மனைவியைத் தூக்கி மேலே சேர்த்துவிட்டுக் கிளம்பினான். துணைக்கு அக்காவை விட்டால் ஆளில்லை.

நான்காவது மாடி. லிப்ட் கிடையாது. ஒரு கட்டில், ஒரு வாளி, திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரில் முட்டும் ஜன்னல். தையல் பிரியாத வயிற்றோடு தம்பி மனைவியால் படி இறங்க முடியாது. அவள் கைப்பம்பில் பால் எடுத்துக் கொடுப்பாள். செக்கிங் அக்கா சின்னப் பாட்டிலை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு ஓடுவாள். ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பால் நின்றுபோனது. அரைமணி நேரம் பம்பை அழுத்தியும் பாட்டிலின் அடி நனையவில்லை.

"அண்ணி, வரல."

மருத்துவமனையில் நர்சம்மா உதட்டைப் பிதுக்கினாள். மாவுப்பால் கொடுத்தால் குழந்தையின் வயிறு உப்பிவிடுகிறது. தானமாகக் கிடைக்கும் பாலும் தீர்ந்துவிட்டது, அடுத்து வர இரண்டு நாளாகும், அதுவரை குளுக்கோஸ்தான் ஏற்ற முடியும் என்றாள்.

செக்கிங் அக்கா லாட்ஜுக்குத் திரும்பி, மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பால் கொடுக்கும் பெண்கள் யாராவது இருக்கிறீர்களா என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டாள். ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். இரண்டாவது மாடிக் கோடி அறையில் ஒரு சின்னப் பெண் கதவைத் திறந்தாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. பிறந்த எட்டாம் நாள் அவள் குழந்தை போய்விட்டதாம். ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கப் புருஷன் அலைந்துகொண்டிருந்தான். செக்கிங் அக்கா பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தாள். அந்தப் பெண்ணே கையை நீட்டினாள்.

"நெஞ்சு கல்லா கட்டிக் கெடக்குக்கா. குடுங்க அந்த பாட்டில."

நிறைத்துக் கொடுத்தாள். நர்சம்மா வாங்கவில்லை. பரிசோதிக்காத பாலை இப்படிப்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாகத்தான் சொன்னாள். காலில் விழுந்தும் பயனில்லை. செக்கிங் அக்கா அந்தப் பாலைத் தாழ்வாரத்துத் தொட்டியில் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

திரும்பும்போது இரண்டாவது மாடிப் படியில் அந்தப் பெண் காத்திருந்தாள்.

"குடிச்சானாக்கா?"

"குடிச்சான். ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்க முடியவில்லை. மறுநாள் மதியம் அவள் கிளம்பும்வரை வேளை தவறாமல் பால் வந்தது. வேளை தவறாமல் செக்கிங் அக்கா அதை வாங்கிப்போய்த் தொட்டியில் ஊற்றினாள்.

மேலே, தம்பி மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீங்கள் சொன்னது சரிதான் அண்ணி, எனக்கு எதுவும் நிற்காது என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் செக்கிங் அக்காவால் தாங்க முடியவில்லை.

"வாய்க்கொழுப்புல பேசிட்டேன். என்னை மன்னிக்க வேணாம், எந்திரிச்சு உக்காரு போதும்."

பெட்டியிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே எடுக்கலாம், தாய் வந்து நெஞ்சோடு அணைத்தால் பால் ஊறினாலும் ஊறும் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். செக்கிங் அக்கா அவளை இடுப்போடு தாங்கி, படிக்குப் படி உட்காரவைத்து, நான்கு மாடியையும் இறக்கினாள். அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது. குழந்தை தாயின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தான். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. தானப்பால் வந்து சேர்ந்ததால் உயிர் தங்கியது. நான்காம் நாள்தான் பாட்டிலில் நாலு சொட்டு விழுந்தது.

அந்த அறையில் அவர்கள் மேலும் ஐந்து வாரம் இருந்தார்கள். இரண்டு முறை குழந்தைக்கு மூச்சு நின்று திரும்பியது. ஒரு கண்ணில் பார்வை பாதிதான் இருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில், கொஞ்சம் பிடியுங்கள் அண்ணி என்று தம்பி மனைவி குழந்தையைச் சுற்றிய துணிச்சுருளை நீட்டினாள்.

"சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுற கை இது. நீயே வச்சுக்கோ," என்றாள் செக்கிங் அக்கா.