காஸிப் என்று எழுதினார்கள்

நோரீன் கிளெக் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படித்தால் கிழித்துவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது.

பர்ன்லி என்ற ஆங்கிலேய ஊரில் வீடு வீடாகப் போய் நடமாட முடியாதவர்களைக் கவனிக்கும் வேலையில் அவளுக்கு இருபத்தாறு வருடம். ஒருவரையும் கீழே விட்டதில்லை, மருந்தை மாற்றிக் கொடுத்ததில்லை. இப்போது கம்பெனி எழுதியிருந்த குற்றம் ஒரே சொல்: காஸிப். வீட்டு விஷயத்தை வெளியே வம்பு பேசினாளாம். வியாழக்கிழமை விசாரணை. ஐவி ஹோல்ராய்டின் வீட்டுக்கு அவள் இனிப் போகலாமா என்று அன்று முடிவாகும்.

ஐவிக்கு எண்பத்தாறு வயது, நடக்க முடியாது. காலையில் நோரீன் போவாள். மாலையில் கால் மணி நேரத்துக்கு வேறு ஆட்கள், தினம் ஒரு முகம். ஒரு திங்கட்கிழமை காலை ஐவியின் இடது குதிகால் சிவந்திருந்தது. நோரீன் விரலால் அழுத்தினாள். வெளுக்கவில்லை. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் தொடக்கம். விட்டால் தோல் போகும், பிறகு சதை போகும். குறிப்பேட்டில் முந்தின மாலைக்கு நேரே 'திருப்பிப் படுக்க வைத்தேன், நலம்' என்று கையெழுத்து இருந்தது. ஆனால் முந்தின நாள் நோரீன் முதுகுக்கு வைத்த தலையணை, வைத்த மடிப்போடு அப்படியே இருந்தது.

கெண்டைக்காலுக்கு அடியில் துணி சுருட்டி வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கிவிட்டு, ஆபீசுக்குப் போன் செய்தாள். மறுநாளும் செய்தாள். பார்க்கிறோம் என்றார்கள். புதன்கிழமை, பிளிமத்தில் இருக்கும் ஐவியின் மகள் ஜேனட்டுக்கே சொல்லிவிட்டாள். ஜேனட் ஆபீசைப் பிடித்து உலுக்கினாள். வெள்ளிக்கிழமை நோரீனுக்குக் கடிதம் வந்தது.

“என்ன கண்ணு, வினிகர் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?” என்றாள் ஐவி.

நோரீன் கடிதத்தைக் காட்டினாள்.

“அந்தச் சொல்ல முதல்ல பாப்போம். கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு, எடு.”

ஐவிக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம். அவளிடம் இரண்டு பாகத்தில் ஒரு பழைய அகராதி உண்டு. கண் மங்கிய பிறகு, கால் வீங்காமலிருக்கக் கட்டிலின் கால்மாட்டை உயர்த்த நோரீன்தான் அவற்றை அடியில் கொடுத்திருந்தாள். இப்போது கட்டிலைத் தோளால் நெம்பி, முதல் பாகத்தை உருவி, கொல்லையிலிருந்து இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். பூதக்கண்ணாடியைப் பிடித்து ஐவி படித்தாள்.

காட் என்றால் கடவுள், சிப் என்றால் உறவு. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்துபவர், பெற்றவளுக்குக் கடவுள் வழியில் உறவு. அவர்தான் முதலில் காஸிப். பிறகு, பிரசவத்துக்குத் துணையிருக்கக் கூப்பிடும் தோழி. அதன் பிறகுதான் வம்பு பேசுபவள். கடைசியில் வம்பே.

“ஆம்பளைங்களுக்கு அந்த ரூம்ல இடமில்ல. வெளிய நின்னு, உள்ள நம்மளப் பத்தித்தான் பேசுறாளுகன்னு வெந்திருப்பானுங்க. நல்ல சொல்ல நாறடிச்சிட்டானுங்க.” ஐவி கண்ணாடியைத் தாழ்த்தினாள். “உன் பையன ஞானஸ்நானத் தொட்டிகிட்ட ஏந்திப் பிடிச்சது யாரு?”

“நீங்கதான்.”

“அப்ப நீ எனக்குக் காஸிப்தான். போய்ச் சொல்லு.”

வியாழக்கிழமை நோரீன் அகராதியை மேனேஜர் ஃபியோனாவின் மேஜையில் வைத்த வேகத்தில் டீக்கோப்பை குலுங்கியது. ஃபியோனா பொறுமையாகப் படித்துவிட்டு, இப்போது யாரும் அந்த அர்த்தத்தில் சொல்வதில்லை என்றாள்.

“இப்ப என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். கால் சிவந்திருக்குன்னு மகள்கிட்ட சொன்னா வம்பு. திருப்பாமலே திருப்புனேன்னு எழுதிவச்சா ரிப்போர்ட்டு. அதானே?” என்றாள் நோரீன். “நான் வெளியாள்கிட்டப் பேசல. ஐவி என் பிள்ளைக்கு ஞானத்தாய். எனக்கு உறவு.”

ஃபியோனாவின் பேனா நின்றது.

“உறவா? நீங்க சொல்லவே இல்லையே. சொந்தக்காரங்க வீட்டுக்கு ஊழியரா அனுப்பக் கூடாது, நோரீன். அது விதி.”

அவ்வளவுதான். ஐவியின் வீடு கைவிட்டுப் போனது. காப்பாற்றுமென்று சுமந்து வந்த சொல்லே காலை வாரியது. நோரீனுக்குக் காது கொதித்தது. அகராதியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. தன் கையைத் தானே அதன்மேல் அழுத்திக்கொண்டாள்.

“சரி, எழுதிக் குடுங்க. நான் ஐவிக்கு உறவுன்னு, உங்க பேப்பர்ல, உங்க கையெழுத்தோட.”

தொல்லை தீர்ந்ததென்று ஃபியோனா உடனே எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்குக் கோட்டும் சாவியுமாக மாலை வேலைக்கான பெண் உள்ளே வந்தபோது, கட்டிலருகே நோரீன் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் யார் என்று அந்தப் பெண் கேட்டதும் தாளை நீட்டினாள்.

“உறவு. எப்ப வேணா வரலாம், குறிப்பேட்டப் படிக்கலாம், நீ செய்யிறதப் பாக்கலாம். ஐவியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. கோட்டக் கழட்டு கண்ணு. உனக்குப் பதினஞ்சு நிமிஷம் இருக்கு.”

“நான் சாட்சி,” என்றாள் ஐவி, தலையணையிலிருந்து.

அந்தப் பெண் கழற்றினாள். கை கழுவினாள். ஐவியைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். நோரீன் உதவவில்லை, உட்கார்ந்தபடி பார்த்தாள். அந்தப் பெண் போன பிறகு ஐவியின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நடுவில் இன்னும் சிவப்புத்தான். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. குறிப்பேட்டில் வந்துபோகிறவர்கள் பக்கத்தைத் திறந்து, நாளைக்கான தேதியையும் தன் பெயரையும் இப்போதே எழுதினாள். 'என்ன உறவு' என்ற இடத்தில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, காஸிப் என்று எழுதினாள்.