மாமா நகர்த்திய கல்

அணைக்கு இரண்டு இடம் பார்த்தோம். கீழ் இடத்தில் ஆறு அகலம், பாறை ஆழம், செலவு ஜாஸ்தி. மேல் இடம் இரண்டு குன்றுக்கு நடுவில் ஒரு இடுக்கு. துளை போட்ட அன்றே பாறை தட்டியது. எந்த முட்டாளும் இடுக்கைத்தான் எடுப்பான். எடுத்தார்கள். அங்கே கட்டினால் என் தாய்மாமன் ஊரில் பாதி தண்ணீருக்குள் போகும். மாமாவின் வீடும் கிணறும் அந்தப் பாதியில்.

எழுபதுகளின் கடைசி. செங்கம் ரோட்டில் ஒரு வாடகை வீடுதான் எங்கள் சர்வே ஆபீஸ். ஆசிரமத்துக்கு வந்து பக்கத்து அறையில் தங்கிய வெள்ளைக்காரன் நாள் பூரா இரண்டு கண்ணையும் மூடித் தியானத்தில் உட்கார்ந்திருப்பான். நாங்கள் நாள் பூரா வெயிலில் ஒற்றைக் கண்ணை மூடி லெவல் கருவியில் உயரம் பார்த்தோம். அணை நிரம்பினால் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்குமோ, அந்த உயரத்தைச் சரிவு நெடுகத் தேடிச் சுண்ணாம்பு அடித்த கல் நடுவது என் வேலை. மாமா வீட்டுக்கு மேலே, புளியமரத்தடியில் ஒரு கல் நட்டேன்.

அடுத்த மாதம் போனால் அந்தக் கல் வீட்டுக்குக் கீழே, வேர்க்கடலைக் காட்டு ஓரத்தில் நிற்கிறது. மாமா சிரித்தார். பங்காளியோடு வரப்புத் தகராறில் இப்படிக் கல்லை நகர்த்தி, கோர்ட்டிலும் ஜெயித்த மனுஷன்.

"கவர்மெண்டு கல்லு அங்க கீது மாப்ள. தண்ணி அதோட நிக்கணும்."

"அது எல்லை இல்ல மாமா, உயரம். கல்லு எங்க இருந்தாலும் தண்ணி வரும். பழைய எடத்துலயே நட்டுடுங்க."

"காலேஜுக்குப் போயிட்டு வந்து எனக்குக் கல்லு நடக் கத்துக் குடுக்கிறியா?"

ஆபீசில் சொன்னேன். மறுபடி அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குள், முழுகும் வீடுகளை நஷ்டஈட்டுக்குக் குறிக்கத் தாலுகா ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களிடம் கருவி கிடையாது. கல்லுக்குக் கீழே இருந்தால் முழுகும், மேலே இருந்தால் தப்பும், அவ்வளவுதான் கணக்கு. மாமா அவர்களுக்கு மோர் கொடுத்து வழியனுப்பினார். வீடு தப்பியதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அணை பாதி எழும்பி, பக்கத்து ஓடையில் தேங்கிய தண்ணீர் கிணற்றில் ஏறத் தொடங்கியபோதுதான் மாமாவுக்குப் பயம் பிடித்தது. கல்லைப் பிடுங்கியதை நஷ்டஈட்டு மனுவில் எழுதினால் கேஸ். எழுதாவிட்டால், வீடுதான் மேட்டில் இருக்கிறதே என்று பதில் வந்தது. இரண்டு முறை அதே பதில். மறுபடி அளக்க ஆள் வரவேயில்லை.

அணை முடிந்து முதல் பெருமழை. நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வெள்ளைக் கல்லை மூழ்கடித்து, வீட்டுக்குள் புகுந்திருந்தது. மாமா புளியமரத்தடியில் மூட்டைகளோடு குந்தியிருந்தார்.

"இன்னும் எவ்ளோ ஏறும்?"

நான் முதலில் கல் நட்ட பள்ளம் அவர் காலடியிலேயே, பாதி தூர்ந்து கிடந்தது. அதைக் காட்டினேன். அவர் எழுந்து, ஒவ்வொரு மூட்டையாகப் பள்ளத்துக்கு மேல் பக்கம் தூக்கி வைத்தார்.