நாய் இல்லாத உறுப்பினர்

முசரவாக்கத்தைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டி ஒரு மைதானம் இருக்கிறது. தை முடிந்ததும் அங்கே நாட்டு நாய்களுக்கு ஓட்டப்பந்தயம் நடக்கும். நாய்களுக்கு முன்னால் ஓடும் முயலை இழுப்பவர் பரசுராமன். முயல் என்பது தறியில் மிஞ்சிய கழிவு நூலை இறுக்கிச் சுருட்டிய பொம்மைதான். பழைய பைக்கின் பின்சக்கரத்தில் டயரைக் கழற்றி, ரிம்மில் கயிற்றைக் கட்டி, பாதையோரக் கப்பிகள் வழியாக விட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகித் திருகி அதை இழுப்பார். நாய்க்கும் முயலுக்கும் நடுவில் எட்டடி. குறைந்தால் நாய் கவ்விவிடும். கூடினால் ஓட்டத்தை விட்டுவிடும். பதினேழு வருடமாக அந்த எட்டடி அவர் கையில் தவறியதில்லை.

மற்ற நாட்களில் பைக் ரிப்பேர் கடை. ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பியபோது என் ஸ்கூட்டர் துருவேறிக் கிடந்தது. அதற்காக அவர் கடையில் பல மதியங்கள் உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம்.

மூன்று வருடத்துக்கு முன் பந்தயச் சங்கத்துக்கு அரசு மானியம் கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு. நாய் வளர்க்காத, சேர்ந்து ஒரு வருடமாவது ஆன உறுப்பினர் ஒருவர் கமிட்டியில் இருக்க வேண்டும். பாதை பத்திரமாக இருக்கிறதென்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார். சங்கத்தில் நாய் இல்லாத ஆள் பரசுராமன் மட்டுமே. ஆசை இல்லாமல் இல்லை. வாடகை வீட்டில் நாய் கூடாது என்று வீட்டுக்கார காமாட்சியம்மாள் சொல்லியிருந்தார்.

"உன்ன மாதிரி நியாயமான ஆளுதான்பா வேணும்" என்று செயலாளர் ராமராஜன் சேர்த்துக்கொண்டார்.

மைதானத்தின் கோடியில் பாதை வளைகிறது. அங்கே தரை வெறும் சரளை. அதில் மணல் கொட்டவும் சேர்த்துத்தான் மானியம். போன வருடம், "பந்தயத்துக்குள்ள கொட்டிடுவோம், நீ போடு" என்று ராமராஜன் நீட்டிய காகிதத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். மணல் வரவில்லை. வளைவில் ராமராஜனின் சொந்த நாய் பொன்னியே சறுக்கி விழுந்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டது. அவளை அங்கே இழுத்துப் போன முயலின் கயிறு பரசுராமன் கையில் இருந்தது.

கால் கோணலாகக் கூடியது. "ரெண்டு நாள் பாத்துக்கோபா" என்று கடை வாசலில் கட்டிவிட்டுப் போன ராமராஜன், பதினோரு மாதமாக அவளைப் பற்றிக் கேட்கவில்லை.

வெளியூரில் நான் இருந்த இடத்தில் இதே பந்தயம் பெரிய விளக்குகளுக்குக் கீழே, மின்சார முயலோடு நடக்கும் என்று ஒருநாள் சொன்னேன்.

"அங்க யாரும்மா கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார்.

நான் விசாரித்ததில்லை.

இந்த வருடக் காகிதம் வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். ராமராஜன் வண்டியை அணைக்கவில்லை.

"மணல் கொட்டியாச்சா?" என்றார் பரசுராமன்.

"வந்துக்கினே இருக்குதுபா."

"எங்கேர்ந்து, ராஜஸ்தான்லேர்ந்தா?"

"போன வருஷம் போட்டல்ல. இப்ப மட்டும் கை சுளுக்கிக்கிச்சா?"

"கையெல்லாம் ஆயில். ஞாயித்துக்கெழமை மீட்டிங்ல பாக்கலாம்."

அவர் போனதும் பரசுராமன் அப்படியே ஸ்டூலில் சாய்ந்தார். "முடியாதுன்னா பத்துப் பேர் வருவானுங்க. எத்தினி பேருக்குப் பதில் சொல்றது. தெம்பு இல்லமா."

சாப்பாடு கொண்டுவந்த மனைவி மேரியிடம் மெதுவாகக் கேட்டார். "பொன்னிய நம்ம பேர்ல எழுதிக்கலாமா?"

"வாடகை வீட்ல நாமளே பல்லி மாதிரி ஒட்டிக்கினு இருக்கோம்."

"கடையிலயே இருக்கட்டும். பேருக்குத்தான்."

"பேருக்குன்னுதான் உன்ன கமிட்டியில போட்டானுங்க" என்ற மேரி, மிச்சச் சோற்றை டிபன் மூடியில் கொட்டி நாயின் முன்னால் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பொன்னியைத் தனக்கு மாற்றித் தரும்படி பரசுராமன் கேட்டார். ராமராஜனுக்குத் தொல்லை விட்டது. "நொண்டி நாய வெச்சுக்கினு கோயில் கட்டப் போறியா?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்து, பதிவேட்டில் தன் பேனாவாலேயே பெயரை மாற்றினார். பிறகு கையெழுத்துக் காகிதத்தை நீட்டினார்.

"இப்ப நானும் நாய்க்காரன்பா. என் கையெழுத்து செல்லாது."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் பதிவேட்டைப் பார்த்தது. நாய் இல்லாத வேறு ஒருவர் அங்கே இல்லை.

அதிகாரி வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். புதன்கிழமை மணல் வந்தது. மூன்று லோடு வேண்டிய இடத்தில் ஒரு லோடு. பரசுராமனை நான் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். பொன்னி காலடியில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வருஷம் என் மச்சினிச்சி சிம்ரன் இருக்குது" என்றார் ராமராஜன். "இப்பவே மெம்பராக்கிட்டேன். அதுக்கு நாய்ன்னாலே பயம்."

"சரிப்பா. இப்ப ஒரு மம்மட்டி எடு."

நாய்கள் நெருக்கியடிப்பது வளைவின் உள்பக்கம் என்பதால் மணலை அங்கேயே பரப்பினார்கள். வளைவு முடிய இன்னும் பன்னிரண்டு தப்படி இருக்கும்போது மணல் தீர்ந்தது. பரசுராமன் அந்த இடத்தில் பாதைக்கு வெளியே ஒரு கல்லை நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டினார். பைக்குக்குத் திரும்பி, நாய் இல்லாமல் முயலை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். துணி கட்டிய கல்லருகே முயல் வந்ததும் எஞ்சின் சத்தம் தணிந்தது. நூல் பொம்மை ஊர்ந்து போனது.

"இவ்ளோ மெதுவா இழுத்தா கவ்விடும்பா" என்றார் ராமராஜன்.

"கவ்வட்டும்" என்று எஞ்சினை அணைத்தார்.